அந்த டேப்புகளின் பட்டியலையாவது வெளியிடுங்கள்

பிபிசி வானொலியின் ஒலிக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம். இயன் காரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1933இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் பிறந்த டிரம்பெட் கலைஞர். 1969இல் நியூக்ளியஸ் என்ற ஜாஸ் ராக் குழுவைத் தொடங்கி, மறு வருடமே சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஜாஸ் விழாப் போட்டியில் முதல் பரிசை அள்ளியவர். நான் எழுத வந்தது அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றியல்ல, குழு உங்கள் வானொலிக்காக வாசித்து, தட்டில் ஏறாமலே போனவற்றைப் பற்றி.

1971 மே 25 அன்று நியூக்ளியஸ் ஜெர்மனியின் பிரேமன் நகரில் வாசித்தது. ரேடியோ பிரேமன் அதைப் பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்தது. 32 ஆண்டுகள் கழித்து, 2003இல், கியூனிஃபார்ம் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அதை இரட்டை சிடியாகக் கொண்டுவந்தது. கேட்டபோது ஆடிப்போனேன். குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களில் கிதார் கிறிஸ் ஸ்பெடிங். அளந்து, தாளத்தை ஒட்டியே வாசிப்பவர். பிரேமனில் அந்த இடத்தில் ரே ரஸ்ஸல். கிதாரை அலறவிடுகிறார், கீறவிடுகிறார். பின்னால் ஜான் மார்ஷலின் டிரம்ஸ் விடாமல் துரத்துகிறது. நடுவே கார்ல் ஜென்கின்ஸ் ஓபோவை எடுக்கிறார். (ஜாஸ் ராக் குழுவில் ஓபோ! நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம், அதற்கும் சீவாளி உண்டு.) இத்தனை கொதிப்பிலும் இயன் கார் மட்டும் பதறுவதில்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நிற்கிறார். ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டவர்களுக்கு இந்த நியூக்ளியஸ் தெரியவே தெரியாது.

உங்கள் ஒலிப்பதிவுகளிலிருந்தும் அதே 2003இல் 'தி பிரிட்டி ரெட்ஹெட்' என்ற நியூக்ளியஸ் ஆல்பம் வந்தது. நன்றி. ஆனால் 1971, 1982 என்று இரண்டே ஒலிப்பதிவு அமர்வுகள். இடையில் பதினோரு வருடம்! குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்த காலம் அது.

அந்நாளில் டேப் விலை அதிகம், மறு ஒலிபரப்புக்கு இசைக் கலைஞர் சங்க ஒப்பந்தங்கள் தடை. ஆகவே பழையதை அழித்துப் புதியதைப் பதிவு செய்தார்கள். சரி, அதற்காக இன்று சண்டைக்கு வரவில்லை. எல்லா டேப்பையும் நாளையே வெளியிடச் சொல்லவும் இல்லை. உரிமைச் சிக்கல்கள் புரிகின்றன, வாசித்தவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ பணம் போய்ச் சேரவும் வேண்டும்.

கேட்பது நியூக்ளியஸ் உங்களுக்காக வாசித்தவற்றின் ஒரு பட்டியல்தான். எந்தத் தேதி, எந்த ஸ்டுடியோ, யார் யார் வாசித்தார்கள், டேப் இருக்கிறதா இல்லையா. அது வெளியே வந்தால், அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து வீட்டில் பதிவு செய்தவர்கள் தங்கள் டேப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் தயங்காமல் கொண்டுவந்து கொடுக்கவும் ஒரு வழி செய்யுங்கள். இயன் கார் 2009இல் போய்விட்டார், மார்ஷல் 2023இல். "இது யார் வாசிப்பு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பட்டியலில் பாதிக்கு எதிரே 'அழிக்கப்பட்டது' என்று இருந்தாலும் பரவாயில்லை. எதைத் தேடுவதை நிறுத்தலாம் என்றாவது எங்களுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு நியூக்ளியஸ் ரசிகன்