கணித வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி இந்த ஆண்டு முழுக்க ஒரே எண்ணைத்தான் எடுத்துக்கொண்டோம்: 4294967297, அதாவது 2³² + 1. ஒரு எண்ணுக்கு ஓர் ஆண்டா என்று சிலர் தயங்கினார்கள். ஆண்டு போதவில்லை என்பதே செயற்குழுவின் கருத்து.

3, 5, 17, 257, 65537 என்ற ஃபெர்மா எண்கள் ஐந்தும் பகா எண்கள். எதை எடுத்தாலும் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வந்துவிடும். ஆறாவதாக வருவது நம் எண். வரிசை முழுக்கவே பகா எண்கள்தாம் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் நம் எண்ணை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டிவிட்டார்.

கணினி இல்லாமல் 641 எப்படிக் கிடைத்தது என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்கள் 6542. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்க மீதி 1தான் வரும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்தது! உறுப்பினர்கள் தாளில் நீள்வகுத்தல் போட்டே இதைச் சரிபார்த்தார்கள்.

வகுக்காமலே காட்டும் வழியும் உண்டு. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. அதே 641தான் 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³² என்பது 1 ஆகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். இந்த ஆண்டில் பார்த்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு பண்பையும் பதிவு செய்கிறேன். 65536² + 1² என்பது தவிர, 62264² + 20449² என்றும் இந்த எண்ணை எழுதலாம். பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடியாது. எனவே காரணி தெரியாவிட்டாலும் இது பகு எண் என்று சொல்லிவிடலாம். 20449 தானே 143இன் வர்க்கம் என்பதைக் கவனியுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார்.

வரும் ஆண்டுக்கு 2⁶⁴ + 1ஐ முன்மொழிகிறேன். 1880இல் லாண்ட்ரி கண்ட அதன் காரணி 274177. அதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான். ஆனால் அவ்வளவு தூரம் கையாலேயே போவதற்குப் பலர் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கக் கேட்டுக்கொண்டு, அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்