ஐப்பசிக்கு முன் கல் பதித்துத் தாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சாலையில் நீங்கள் கட்டிய சிறுபாலம் பற்றியும், அதன் கீழ்ப்பக்கம் விழுந்திருக்கும் பள்ளம் பற்றியும் மூன்று மனு கொடுத்துவிட்டோம். போன வாரம்தான் பதில் வந்தது. மண் அரிப்பு பல ஆண்டுகளாக மெல்ல நடக்கும் இயற்கை நிகழ்வாம், அவசரம் ஏதுமில்லையாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

போன ஐப்பசிக்கு முன்னால் அங்கே முழங்கால் ஆழ வாய்க்கால்தான் இருந்தது. நான்கே மழை. இப்போது ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாது. பெரியம்மாவின் கடலைக் கொல்லை இரண்டு துண்டாகிவிட்டது. அந்தப் பக்கம் களையெடுக்க, 68 வயதில், கஞ்சித் தூக்கைக் கயிற்றில் இறக்கிவிட்டு, வேப்ப வேரைப் பிடித்து இறங்கி, எதிர்க்கரையில் தவழ்ந்து ஏறுகிறார். மழை பெய்தால் அதுவும் முடியாது. போன ஆவணியில் நடந்து போன நிலம் அது.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின, மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் 2002 ஜூலையில் கேன்யன் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்தபோது, சுமார் மூன்றே நாளில், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் சராசரி 7 மீட்டர் ஆழமுமாகப் பள்ளத்தாக்கே விழுந்தது. அது சுண்ணாம்புப் பாறை. விரிசல் கண்ட இடங்களில் வெள்ளம் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு போனது. அங்கேயே ஜார்ஜியா மாநிலத்துப் பிராவிடன்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு, 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து முறையில்லாமல் உழுத நிலத்தில் விழுந்த ஓடைகள்தான். இன்று 45 மீட்டர் வரை ஆழம். எங்களுடையது வெறும் செம்மண், ஐயா.

முன்பெல்லாம் மழைத்தண்ணீர் கொல்லை முழுக்கப் பரவி ஓடும். இப்போது மொத்தமும் ஒரே குழாயில் சேர்ந்து உயரத்திலிருந்து விழுகிறது. விழுந்த இடம் குழியாகிறது, குழியின் சுவர் சரிந்து சரிந்து சாலையை நோக்கி ஏறுகிறது. பாலத்துத் தளத்தின் அடியில் கைவிட்டால் தோள்வரை போகிறது. அதன் மேல்தான் பள்ளிப் பேருந்து போகிறது.

ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்தினீர்களே, தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு நாளாவது எங்களிடம் கேட்டீர்களா? சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். தண்ணீர் விழும் இடத்தில் தளம் போட்டு, ஐப்பசிக்கு முன் கல் பதித்துத் தாருங்கள். அதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை நேரில் வாருங்கள். பெரியம்மா காலை ஏழு மணிக்குக் கொல்லைக்குப் போவார்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு விவசாயிகளில் ஒருவன்