முதலில் குறிஞ்சித்தேன்

கோத்தகிரி

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதும், கல்கியின் சரித்திர நாவல்களை முடித்துவிட்டு அடுத்தது எது என்று என்னைக் கேட்டிருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. தோட்டத்தில் கவாத்து முடிந்துவிட்டதால், இரண்டு மாலைப் பொழுதுகள் அலமாரியின் முன் அமர்ந்து யோசித்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. எங்கள் மலையின் கதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஹட்டி என்று சொல்லப்படும் படகர் கிராமத்தில் வளரும் ஜோகி என்னும் சிறுவனிடம் தொடங்கி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியையே காலக்கணக்காகக் கொண்டு, சாமை விளைந்த நிலத்தில் தேயிலை ஏறியபோது உறவுகளுக்குள் பணம் எப்படி நுழைந்தது என்பதை அவர் பொறுமையாகச் சொல்லிச் செல்கிறார். 2018-இல் இங்கே குறிஞ்சி பூத்தபோது, பக்கத்து ஹட்டிப் பெரியவர் ஒருவர் தம் வயதை ஆண்டுகளால் சொல்லாமல், தாம் பார்த்த பூப்புகளால் எண்ணிச் சொன்னார். அன்றிரவே அந்த நாவலை இரண்டாம் முறையாக எடுத்தேன்.

சரித்திரத்தை விட மனமில்லை என்றால் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ படி. அரசர்களும் போர்க்களங்களும் அதில் இல்லை. ஐதராபாத் நிஜாமின் ஆட்சி முடியும் நாட்களில், செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் ஒரு மாணவனின் கண்வழியே 1948 நம்மை வந்தடைகிறது. யுத்தக் கதைக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மிஞ்சியதை நான் படித்ததில்லை. மெடானும் பினாங்கும் மலாய்ச் சொற்களும் தொடக்கத்தில் உன்னைத் திணறவைக்கலாம், ஆனால் தயவுசெய்து பாதியில் மூடிவிடாதே. அதை எழுதியவர் உன் மதுரையில்தான் தினத்தந்தியில் வேலை பார்த்தபடி வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

துப்பறியும் கதைக்கும் அறிவியல் புனைவுக்கும் சுஜாதா ஒருவரே போதும்: ‘கொலையுதிர் காலம்’, ‘என் இனிய இயந்திரா’. பின்னதை உன் பேத்திக்கு வாசித்துக் காட்டு. ஜீனோ என்னும் இயந்திர நாயை அவளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

‘குறிஞ்சித்தேன்’ பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஓரங்களில் பென்சிலால் நான் எழுதியவற்றை, நாவலை முடித்த பிறகு படி. எங்கே உன் கருத்து மாறுபடுகிறது என்று விரிவாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்