சென்னைக்கு வரும் கயலுக்கு, சிலைகளைப் பற்றி

அன்புள்ள கயல்,

விடுமுறைக்குத் தோழிகளோடு சென்னைக்கு வருகிறாய் என்று அண்ணன் சொன்னான். மெரினாவுக்குப் போகாமல் இருக்க மாட்டீர்கள். அலையில் கால் நனைத்து, சுண்டல் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கடற்கரைச் சாலையோரம் நிற்கும் சிலைகளுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கு. வெயில் ஏறும் முன், ஆறு மணிக்கே போய்விடு.

ஒவ்வொரு சிலையின் முன்னாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார். இதை யார், எப்போது வைத்தார்கள்? வைத்த இடத்திலேயே இருக்கிறதா? இந்த ஊரில் இரண்டாவது கேள்விக்குத்தான் சுவாரசியமான பதில்கள் கிடைக்கும்.

பாரதி சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் கண்ணகி நிற்கிறாள். அங்கிருந்து தொடங்கு. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தபோது, அண்ணா ஆட்சியில் வைத்த சிலைகளில் ஒன்று அது. 2001 டிசம்பரில் ஓர் இரவில் அதை எடுத்துவிட்டார்கள். லாரி மோதிப் பீடம் சேதமானதாகக் காரணம் சொன்னார்கள். ஊரே கொதித்தது. ஆட்சி மாறிய பிறகு, 2006 ஜூன் 3 அன்று அதே சாலைக்குத் திரும்பி வந்தாள். ஒரு காப்பிய நாயகியின் சிலைக்காக இத்தனை பேர் தெருவில் இறங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அதே மாநாட்டுக்கு வைத்த சிலைகளில் வள்ளுவர், ஒளவையார், கம்பர், பாரதியார் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். நீ நின்று பார்க்க வேண்டியது வேறு மூவரை: வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப். இத்தாலியில் பிறந்து இங்கே தேம்பாவணி பாடியவர் ஒருவர். அயர்லாந்தில் பிறந்து 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் இன்னொருவர். கனடாவில் பிறந்து 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் மூன்றாமவர். வெள்ளைக்காரர் ஆட்சி போய் இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது மூன்று ஐரோப்பியப் பாதிரியார்களைத் தன் புலவர்களோடு சேர்த்து நிறுத்திய ஊர் இது. அந்த மனசு பெரியது, கயல்.

அப்புறம் வடக்கே நட. வாலாஜா சாலை முனைக்குப் பக்கத்தில் உழைப்பாளர் சிலை. என்னைக் கேட்டால் சென்னையில் இதற்கு இணையான சிலை கிடையாது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். 1959 ஜனவரி 25 அன்று திறந்தார்கள். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள், அவ்வளவுதான் காட்சி. முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு நகராதே, சுற்றி வந்து பார். முதுகில், தொடையில், பாதத்தில் பாறையின் கனம் எப்படி இறங்குகிறது என்று பார். நால்வரில் யாருக்கும் பெயர் இல்லை. தலைவர்களாலும் புலவர்களாலும் நிறைந்த சாலையில் கூலிக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய இடம். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான். டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்திலும் இதே சிற்பத்தைப் பார்க்கலாம்; ஆனால் கடற்காற்றில் பார்ப்பது வேறு.

நேரம் இருந்தால் ஆட்டோ பிடித்துத் தீவுத்திடல் பக்கம் போய் மன்றோவைப் பார். 1820 முதல் 1827 வரை இங்கே கவர்னராக இருந்தவர். குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த வெட்கத்தில் உயிரை விட்டார் என்று யாராவது கதை சொல்வார்கள், நம்பாதே. சிற்பி சாண்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜுக்குச் செய்த குதிரைச் சிலையிலும் இவை இல்லை. அவர் வேண்டுமென்றே செய்தது. 1839 முதல் மன்றோவை யாரும் இறக்கவில்லை. குடியானவர்களிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையால் அவர்களிடம் அவருக்கு நல்ல பெயர். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. சுற்றிலும் வண்டி பறக்கும், ஓரமாக நின்றே பார்.

நீலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, கிடைக்கவும் கூடாது. 1857 கிளர்ச்சியில் வட இந்தியர்களைக் கொன்று குவித்த கர்னல் அவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், சிலை நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறை போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1937-இல் ராஜாஜி ஆட்சியில்தான் அது நகர்ந்தது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைக்காமல் வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். எதை எதிர்த்துப் போராடினார்கள் என்று உன் வயதுப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா?

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், ஆங்கிலேயர் கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் சிலையும் உண்டு. அதன் பீடத்தை மட்டும் விடாதே. 1792-இல் மைசூர் திப்பு சுல்தான் அவரிடம் தன் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சியை அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் புதன் இரவு ரயிலுக்கே டிக்கெட் போடு, வியாழன் முழுக்க நானும் கூட வருகிறேன். உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை