செயலாளரின் ஆண்டறிக்கை: நிக்கோடினைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. பள்ளிகளில் விழிப்புணர்வுப் பேச்சு, பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை எல்லாம் வழக்கம்போல. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு புதிதாகச் செய்தது மாதக் கூட்டத்தில் வைத்த தொடர் உரை. புகையை விட முயன்று முடியாமல் நம்மிடம் வருகிறவர்கள், "உனக்கு மனசுல உறுதி இல்லை" என்ற ஏச்சை வீட்டில் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். அது நியாயமான பேச்சா என்று பார்க்க, புகையிலையில் இருக்கும் நிக்கோடின் என்ற பொருளை ஆராய்ந்தவர்கள் ஒன்றுகூடிய கதையை எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய சங்கமான 'நிக்கோடின் மற்றும் புகையிலை ஆய்வுச் சங்கம்' 1994-இல் அமெரிக்காவில் தொடங்கியது. முதல் தலைவர் ஓவிட் பொமர்லோ என்ற உளவியலாளர்.

அதற்கு முன்பு ஆய்வாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எலியை வைத்து மூளையை ஆராய்ந்தவர் ஒரு துறை, உளவியலாளர் இன்னொரு துறை, புகைப்பவருக்கு வைத்தியம் பார்த்தவர் வேறொரு துறை. 1964-இல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை புகைப்பதைப் 'பழக்கம்' என்றுதான் வகைப்படுத்தியது. 1988-இல் அப்போதைய தலைமை மருத்துவர் எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கைதான் நிக்கோடினை ஹெராயின், கோகெயின் வரிசையில் வைத்து, அடிமைப்படுத்தும் பொருள் என்று வெளிப்படையாகச் சொன்னது.

சங்கம் பிறந்த 1994-ஐப் பற்றிய உரைதான் எல்லாரையும் உட்கார வைத்தது. ஏப்ரல் 14 அன்று ஏழு சிகரெட் நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோடின் அடிமைப்படுத்தாது என்றே நம்புவதாக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதே மாதக் கடைசியில் அதே குழு முன் வந்தார் விக்டர் டிநோபிள். பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நிக்கோடினுக்காக எலிகள் தாமாகவே நெம்புகோலை அழுத்துவதை அங்கே கண்டிருந்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவராமல் திரும்பப் பெறப்பட்டது. 1984-இல் ஆய்வுக்கூடத்தையே மூடிவிட்டார்கள். அடுத்து மே மாதம், கலிபோர்னியாவில் ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்ற பேராசிரியருக்குப் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி நிறைய ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வந்தன. அவற்றில் 1963-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, "நிக்கோடின் அடிமைப்படுத்துவது, நாம் அதை விற்கும் தொழிலில் இருக்கிறோம்" என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது அரங்கில் எழுந்த கோபம் என் கோபமும்தான். முப்பது ஆண்டுகள் தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். பழி மட்டும் புகைத்தவன் தலையில்.

நிக்கோடின் சூயிங்கத்தை உருவாக்கிய ஓவே ஃபெர்னோவைப் பற்றியும் ஓர் உரை இருந்தது. 1967-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேஸ் லுண்ட்கிரென் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிக்கிறார்கள் என்பது அதில் இருந்த செய்தி. அப்படியானால் நிக்கோடினை வேறு வழியில் கொடுக்கலாமே என்ற யோசனையில் பிறந்ததுதான் நிக்கோடின் சூயிங்கம். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1984-இல். ஆய்வுச் சங்கம் அவர் பெயரில் விருது வழங்குகிறது. அவர்களுடைய ஆய்விதழ் 1999-இல் கேரி ஸ்வானை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது.

இந்த உரைகளுக்குப் பிறகு நம் ஆலோசனை மேசையில் ஒரு மாற்றம் செய்தோம். வருகிறவரிடம் "ஏன் விடவில்லை?" என்று தொடங்குவதில்லை. ஒருவர் நிக்கோடினுக்கு எவ்வளவு அடிமை என்று புள்ளி போட்டு அளக்கும், 1991-இல் திருத்தி வெளியான ஃபாகர்ஸ்ட்ராம் வினாத்தாளின் ஆறு கேள்விகளைக் கேட்கிறோம். முதல் கேள்வி, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி. "கண்ணு முழிச்சதும் கை தலையணைக்கு அடியிலதான் போகும்" என்றார் ஒரு பெரியவர். அவரை யாரும் திட்டவில்லை. புள்ளியைக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் எப்போது போகலாம் என்று பேசினோம். பக்கத்தில் இருந்த அவர் மனைவியும் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டார்.

சரி, அடுத்த ஆண்டு வேலை. வாரம் ஒருமுறை நடக்கும் ஆலோசனையை இரண்டு முறையாக்க வேண்டும். அதற்குத் தன்னார்வலர்கள் தேவை. வாயில் அடக்கும் புகையிலைக்குத் தனி வினாத்தாள் இருக்கிறது, அதையும் தமிழில் தயாரிக்க வேண்டும். இரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், உரையாற்றியவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்து வைத்த இளைஞர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்