பேய்க்கு மட்டும் நல்ல வசனமா?

ஐயா,

எங்கள் சபையில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வரும் கிறிஸ்தவ ஃபேண்டசி நாவல்களைப் படித்தால், பேய்க்கதை என்று பெரியவர்கள் சத்தம் போடுகிறார்கள். என் குறை வேறு. அவற்றில் பலதில் நல்ல வசனமெல்லாம் பேய்க்குத்தான். தேவதூதனோ வெள்ளை அங்கி, சிறகு, கையில் வாள், சினிமா ஹீரோ முகம், அவ்வளவுதான். பைபிளில் அப்படியா இருக்கிறது? எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட ஜீவன்களுக்கு நாலு முகம், பக்கத்திலேயே சுற்றிலும் கண்கள் நிறைந்த சக்கரங்கள். தானியேல் ஆகமம் 10-ஆம் அதிகாரத்தில் வரும் தூதனை பெர்சியாவின் அதிபதி 21 நாள் மறித்து நிற்கிறான், இன்னொரு தூதனான மிகாவேல் உதவிக்கு வர வேண்டியிருக்கிறது. அப்புறம் தோபித்து ஆகமம் (எங்கள் புராட்டஸ்டண்ட் பைபிளில் அது கிடையாது, கத்தோலிக்க நண்பரிடம் வாங்கிப் படித்தேன்): வழித்துணையாக வருபவர் இரபேல் தூதர் என்று இளைஞன் தோபியாவுக்குக் கடைசிவரை தெரியாது, கூடவே ஒரு நாய் வேறு, மீனின் இருதயத்தையும் ஈரலையும் தணலில் போட்டுப் புகை கிளப்பியதும் மணப்பெண்ணின் முந்தைய ஏழு மாப்பிள்ளைகளைக் கொன்ற பேய் எகிப்துக்கு ஓடுகிறது. இதைவிட என்ன ஃபேண்டசி வேண்டும்? விடிய விடிய உடுக்கடித்து அண்ணமார் கதை கேட்கிற கொங்கு நாட்டில் இதைத் தமிழில் எழுத ஆளா இல்லை? உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடராகப் போடுங்கள், சரியா?

வாசகர், ஈரோடு