எக்ஸ்ரே நேராக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால் பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துபோகும் ஹாலக்ஸ் வால்கஸ் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம், குடும்பவழியாகவும் வரும், முனை குறுகிய ஷூ அதை மோசமாக்கும் என்பதெல்லாம் சரிதான். அறுவைச் சிகிச்சையை மட்டும், எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ வைத்தால் தீர்ந்தது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி மேசைமேல் படுக்கப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கும் என் நாத்தனாருக்கும் இதே அறுவை நடந்தது. இருவர் எக்ஸ்ரேயிலும் விரல் நேராகவே இருக்கிறது. எனக்கு முழுத் திருப்தி. அவர் ஏன் செய்துகொண்டோம் என்று இன்றும் வருந்துகிறார்.

நான் இங்கே மொரீஷியசில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நின்றே பாடம் நடத்துகிற வேலை. அறுவைக்கு முன் என் டாக்டர், "இந்தக் காலால் இப்போது எதைச் செய்ய முடியவில்லை? பிறகு எதைச் செய்ய ஆசை?" என்று கேட்டார். வகுப்பில் வலியில்லாமல் நிற்க வேண்டும், தைப்பூசத்தன்று வெறுங்காலில் காவடிக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்றேன். வலி குறையும், ஆனால் கூர்முனை ஷூவை மறந்துவிடுங்கள், வீக்கம் வடியப் பல மாதம் ஆகும், மூட்டு கொஞ்சம் விறைத்துப்போகலாம், சிலருக்கு விரல் மறுபடி சாய்வதும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். வந்த சிரமங்கள் எல்லாம் அவர் முன்பே சொன்னவைதான். அதனால் நான் பயப்படவில்லை.

நாத்தனார் பருவப் பெண்ணாக இருந்தபோதே துணி ஆலைக்குப் போனவர். நாள் முழுக்க இஸ்திரி மேசை முன்னால் நிற்பார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அறுவைக்குப் பின் போடக் கொடுக்கும் கெட்டியான அடியுள்ள செருப்போடு ஆறு வாரம் குதிகாலை ஊன்றி நடந்தால் ஆலைக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பியிருந்தார். ஆறு வாரம் எலும்பு கூடுவதற்குத்தான். நாள் முழுக்க நிற்கிற காலுக்கு அது எப்படிப் போதும்? வீங்கிய கால் ஆலை ஷூவுக்குள் நுழையவே இல்லை. பெருவிரல் மடங்காததால் கோவிலில் மண்டியிட்டு விழுந்து கும்பிட முடியவில்லை. இரண்டாவது விரலுக்கு அடியில், முன்பாதத்தில் புதிதாக ஒரு வலி. பெருவிரல் தாங்க வேண்டிய பாரம் அங்கே இறங்கினால் இப்படி வருவதுண்டு என்று பிசியோதெரபிஸ்டான என் மகள் விளக்கினாள். டாக்டரோ படத்தைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெருவிரல் 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கோளாறு என்று டாக்டர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நாத்தனார் தேறிவிட்டார், அவ்வளவுதான்.

இது அவர் ஒருவர் கதையல்ல. 16,000-க்கும் மேற்பட்ட இத்தகைய அறுவைகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவர் திருப்தியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை, நானே சாட்சி. ஆகவே யாரையும் தடுப்பது என் நோக்கமில்லை. வலி இல்லாமல், கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் போகிறவர்களைத்தான் தடுப்பேன்.

மொரீஷியசில் அரசு மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே நம் பெண்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வேலைக்கு எப்போது திரும்பலாம், வலது கால் என்றால் கார் எப்போது ஓட்டலாம், அதுவரை வீட்டில் அடுப்படியை யார் பார்ப்பது, விரல் எவ்வளவு மடங்கும் என்று கேட்டே ஆக வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் டாக்டர் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பொருளை மறுபடி எடுத்தால், அறுவை முடிந்து ஓராண்டு ஆன பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். என் நாத்தனார் பேசத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்